சோழியும் சூப்பர் கம்ப்யூட்டரும் – ஒரு பாண்டி டைரி

வியாழன் – காலாப்பட்டு

சென்னைல ஏறுன பாண்டி பஸ் இசிஆர்ல மரக்காணம் உப்பளம் எல்லாம் தாண்டி காலாப்பட்டுல இறக்கி விட்டப்ப மணி பதினொன்னு ஆயிடுச்சு, வெயில்னா அப்படி ஒரு வெயில், ஜூன் பாதி ஓடியும் கத்திரி முடிஞ்ச மாதிரியே தெரியல. இந்தப் பக்கத்து காலேஜ் ஒன்னுல கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், எச்பிசி (சூப்பர் கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) ரெண்டையும் சேர்த்து ஒரு சின்ன வொர்க்‌ஷாப். பிஎச்டி பண்றவங்க, சில வாத்தியாருங்கன்னு ஒரு கிளாஸ் ரூம் நிறைய ஆளு. கூட வந்தது என் லேப் ஜூனியர், கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பையன், "வொர்க்‌ஷாப் முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்துட்டு தான் போகணும் அக்கா, அம்மா ஆர்டர்"னு பஸ் ஏறும்போதே சொல்லிட்டான்.

இந்தக் கூட்டத்த பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம், இதுல ரெண்டு சாதி உண்டு. ஆர்க்கிடெக்சர்காரங்க இன்னும் பொறக்காத சிப்ப பத்தி பேசுவாங்க, எச்பிசிகாரங்க இருக்குற மெஷின கடைசி சொட்டு வரைக்கும் புழியறத பத்தி பேசுவாங்க. முதல் வகையறா சிமுலேட்டர்லயே குடும்பம் நடத்துவாங்க. ஜெம்5 மாதிரி ஒன்னுல ஒரு ப்ராசஸர டீட்டெய்லா ஓட்டி பாத்தீங்கன்னா, நிஜத்துல ஒரு செகண்ட்ல முடியற ப்ரோக்ராமுக்கு மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா உக்காரணும். ரெண்டாவது வகையறா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஸ்லர்ம் க்யூல (சூப்பர் கம்ப்யூட்டர்ல நம்ம வேலை காத்துக் கிடக்குற வரிசை) நம்ம ஜாப் நகர்ந்துச்சான்னு பாத்துட்டு மறுபடி படுப்பாங்க. நான் ரெண்டாவது வகை. ஜூனியர் முதல் வகைன்னு சொல்லிக்கறான், ஆனா ராத்திரி எழுந்துக்கறதுல என்னையும் மிஞ்சுவான்.

மத்தியானம் கேன்டீன் சாம்பார் சாதம் (அத பத்தி பேச ஒன்னும் இல்ல), அதுக்கப்புறம் முதல் கிளாஸ். எடுத்தவர் ரிட்டயர் ஆகி பல வருஷமான ஒரு சார். ஸ்லைடே இல்ல, சாக்பீஸ் மட்டும். வந்தவுடனே போர்டுல ரெண்டே எண் எழுதுனாரு. 3.7, அதுக்குக் கீழ 1300லேர்ந்து 2600. "ஹொரோவிட்ஸ்ங்கற சிப் ஆராய்ச்சியாளர் 2014ல கொடுத்த கணக்கு. 45 நானோமீட்டர் சிப்புல 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட் பெருக்கல் ஒன்னு போட 3.7 பிக்கோஜூல் எனர்ஜி. அந்த எண்ண வெளியில டிராம்ங்கற மெயின் மெமரில இருந்து எடுத்துட்டு வர 1300லேர்ந்து 2600 பிக்கோஜூல். இப்ப சொல்லுங்க, நீங்க எல்லாம் எதுக்கு கரண்ட் பில் கட்றீங்க?" ஒருத்தரும் வாயத் தொறக்கல. பெருக்கறதுக்கு ஆகறத விட பெருக்க வேண்டியத தூக்கிட்டு வர்றதுக்கு முந்நூறு மடங்குக்கு மேல செலவு. டெக்னாலஜி மாறுனதுல எண் எல்லாம் மாறியிருக்கும், ஆனா இந்த இடைவெளி குறைஞ்ச பாட்டக் காணோம்.

1995லயே வுல்ஃப், மெக்கீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க ஒரு சின்னக் கட்டுரைல இத சொல்லிட்டாங்க. ப்ராசஸர் வேகம் ஒரு பக்கம் ஏறுது, மெமரி வேகம் நொண்டிக்கிட்டே வருது, ஒரு நாள் மெமரிங்கற சுவத்துல போய் முட்டி நிப்போம்னு. மெமரி வால்ங்கற பேரு பரவுனது அதுல இருந்து தான்.

அப்புறம் லேப்டாப்ல செஞ்சு காட்டுனாரு பாருங்க, அது தான் இன்னைக்கு ஹைலைட். ரெண்டு மேட்ரிக்ஸ பெருக்கற ப்ரோக்ராம், சி மொழி, மூணு லூப், எல்லாரும் செகண்ட் இயர்ல எழுதுனது தான். ஐ, ஜே, கே ன்னு ஒரு தடவை ஓட்டுனாரு. உள்ள இருக்குற ரெண்டு லூப்ப மட்டும் எடம் மாத்தி ஐ, கே, ஜே ன்னு இன்னொரு தடவை. அதே பெருக்கல், அதே கூட்டல், எண்ணிக்கைல ஒன்னு கூட குறையல, ஆனா ரெண்டாவது பல மடங்கு வேகமா முடிஞ்சிருச்சு. காரணம் என்னன்னா மெமரில இருந்து ஒரு எண் கேட்டா மெஷின் ஒன்ன மட்டும் கொண்டு வராது, 64 பைட் கொண்ட ஒரு கேஷ் லைனையே அள்ளிட்டு வந்து கேஷ்ல (ப்ராசஸருக்குள்ளயே இருக்குற சின்ன, வேகமான மெமரி) வெச்சுக்கும், அதாவது எட்டு பைட் எடுக்கற டபுள்னா எட்டு எண். வரிசையா போனா அந்த எட்டும் உபயோகம் ஆகும். சி மொழில மேட்ரிக்ஸ் வரி வரியா தான் அடுக்கியிருக்கும், நீங்க நெடுக்க இறங்குனீங்கன்னா ஒவ்வொரு படிக்கும் எட்டு வாங்கி ஏழ தூக்கிப் போட்டுட்டு போறீங்கன்னு அர்த்தம். தெரிஞ்ச விஷயம் தான், ஆனா கண்ணு முன்னாடி அந்த ரெண்டு லூப் இடம் மாறுறத பாக்கறது வேற.

வெள்ளி – மறுபடி காலாப்பட்டு, சாயங்காலம் பீச் ரோடு

காலைல முழுக்க ஜிபியு ப்ரோக்ராமிங் ஹேண்ட்ஸ்-ஆன். நெட்வொர்க் பாதி நேரம் படுத்துக்கிச்சு, முப்பது பேரு ஒரே சர்வர்ல ஏறுனா என்ன ஆகும்னு நல்லா கத்துக்கிட்டோம். அத விடுங்க.

மத்தியானம் சார் பழைய கதைக்குப் போயிட்டாரு. எண்பதுகள் கடைசில மழைக்காலத்த கணிக்கறதுக்காக இந்தியா அமெரிக்காகிட்ட க்ரே கம்பெனி சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டுச்சு, அவங்க பெரிய மாடல் தர முடியாதுன்னு சொல்லி ஒரே ஒரு ப்ராசஸர் இருக்குற எக்ஸ்-எம்பி/14 மட்டும் கொடுத்தாங்க, டெல்லில வானிலை ஆராய்ச்சிக்கு வெச்சாங்க. "அந்தக் கோவத்துல பொறந்தது தான் சி-டாக்"னு ஜூனியர் வேகமா சொன்னான், எல்லா யூடியூப் வீடியோவுலயும் அப்படித்தான் வருது. சார் சிரிச்சாரு. கோவம் மட்டும் போதாது தம்பி, அந்த நேரம் பாத்து மலிவா ட்ரான்ஸ்பியூட்டர்னு ஒரு சிப் வந்துச்சு, பக்கத்து சிப்போட நேரா பேசறதுக்கு அதுலயே லிங்க் இருந்துச்சு, அதனால நிறைய அடுக்கி ஒன்னா வேலை வாங்க முடிஞ்சுதுன்னாரு. 1988ல புனேல சி-டாக்ங்கற அரசு ஆராய்ச்சி நிலையம், 1991ல அங்க இருந்து பரம் 8000ங்கற சூப்பர் கம்ப்யூட்டர். வீராவேசக் கதைய விட எனக்கு இந்த விளக்கம் தான் புடிச்சுது, சரியான சிப் சரியான நேரத்துல கிடைக்கலன்னா எவ்வளவு கோவம் வந்தும் ஒன்னும் நடக்காது.

அங்க இருந்து பேச்சு ஐஐடி மெட்ராஸ் ஷக்தி ப்ராசஸருக்கு வந்துச்சு. காமகோடி குழு ரிஸ்க்-ஃபைவ்ங்கற, யாரும் உபயோகிக்கலாம்ங்கற ஓப்பன் சிப் விதிமுறைல கட்டுனது, 2018ல சிப்பா வந்துச்சு. அத எழுதுனது ப்ளூஸ்பெக்ங்கற சிப் டிசைன் மொழில. அந்த மொழிக்குப் பின்னாடி இருக்குறவரு எம்ஐடில இருந்த அர்விந்த், கான்பூர் ஐஐடில படிச்சவரு, டேட்டா ஃப்ளோ ஆர்க்கிடெக்சர்னா (டேட்டா வந்தவுடனே கணக்கு ஓடுற டிசைன்) அவரு பேரு தான் வரும், 2024ல இறந்துட்டாரு. நம்ம ஊரு ப்ராசஸர்னு தோள் தட்டிக்கறப்ப இந்த ஒரு பேர யாரும் எடுக்கறதே இல்ல, சார் எடுத்தாரு, மனசுக்கு நிறைவா இருந்துச்சு.

சாயங்காலம் ஷேர் ஆட்டோ புடிச்சு டவுனுக்கு. பீச் ரோட்டுல வண்டிய நிறுத்திட்டாங்க, காந்தி சிலை, பழைய லைட் ஹவுஸ் பக்கமெல்லாம் ஜனம் தான். பாறை மேல உக்காந்து சுண்டல் தின்னுகிட்டே டாப்500 (உலகத்துலயே வேகமான 500 கம்ப்யூட்டர் லிஸ்ட்) சண்டை. கேரளால இருந்து வந்த பொண்ணு, நல்லா தமிழ் பேசுறா, "நம்ம மெஷின் எத்தனாவது ரேங்க்னு பேப்பர்ல போடுறாங்களே, அதுல என்ன இருக்கு?"ன்னு ஆரம்பிச்சா. 1993ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் நவம்பர்லயும் லிஸ்ட் வருது. அதுக்கு டெஸ்ட் லின்பேக், ஜாக் டொங்காரா கைவண்ணம், 2021 ட்யூரிங் விருது வாங்குன மனுஷன். ஒரு பெரிய மேட்ரிக்ஸ தீர்க்கறது தான் அந்த டெஸ்ட். ஒரு தடவை உள்ள கொண்டு வந்த எண்ண திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம்ங்கறதால மெஷினுக்கு அது அல்வா சாப்பிடற மாதிரி. அதே டொங்காரா குழுவே எச்பிசிஜினு இன்னொரு டெஸ்ட்டும் கொண்டு வந்தாங்க, நிஜ வேலை எப்படி மெமரிய இழுத்தடிக்குமோ அந்த மாதிரி. ஜப்பானோட ஃபுகாகு மெஷின் லின்பேக்ல 442 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ்னா செகண்டுக்கு பத்து கோடி கோடி கணக்கு), எச்பிசிஜில 16. ஆமா, பதினாறு. அது ஒன்னும் மோசமான மெஷின் கிடையாது, சொல்லப்போனா வருஷக்கணக்கா எச்பிசிஜில முதல் இடத்துல இருந்ததே அது தான்! மத்தவங்க கதிய யோசிச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா அந்த ரேங்க் லிஸ்ட்ட பேப்பர்ல முதல் பக்கத்துல போடறத நிறுத்தணும். திருச்சி என்ஐடில 2022ல வந்த பரம் பொருள் 838 டெராஃப்ளாப்ஸ், ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் கூட இல்ல, உலக லிஸ்ட்ல முன்னாடி எல்லாம் வராது, ஆனா மெஷின் பக்கத்துலயே இருந்தா ஒரு ஸ்காலருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு, எங்கயோ ஒரு எடத்துல (பேர் வேணாம்) அக்கவுன்ட் கேட்டு மூணு ஃபார்ம் நிரப்பி ரெண்டு கையெழுத்துக்கு மாசக்கணக்கா அலைஞ்ச எனக்கு தான் தெரியும்.

சனி – ஒயிட் டவுன்

இன்னைக்கு அரை நாள் லீவு. சார் கூட வர்றேன்னுட்டாரு, தொப்பி, கைல ஒரு மஞ்சப்பை. காலைல ஏழு மணிக்கே மஞ்சச் சுவரு, போகன்வில்லா, ஃபோட்டோ எடுக்கற கல்யாண ஜோடிங்க, தெரு மூலைக்கு மூலை போலீஸ் செவப்புத் தொப்பி. இதெல்லாம் ஆயிரம் ரீல்ஸ்ல பாத்திருப்பீங்க. செயின்ட் லூயி தெருவுல ஃபிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ட வெளிய இருந்து தான் பாத்தோம், 1955ல ஆரம்பிச்சது, உள்ள இருக்குற சைவ ஓலைச்சுவடிங்களுக்கு 2005ல யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்சுது.

அந்தத் தெரு நிழல்ல நின்னுகிட்டு தான் சார் லெ ஜென்டில்ங்கற ஃபிரெஞ்சு வானியல்காரர் கதைய சொன்னாரு. 1760ல ஃபிரான்ஸ்ல இருந்து கிளம்புறாரு மனுஷன், 1761ல சுக்கிரன் சூரியன குறுக்க கடக்கறத பாண்டில இருந்து பாக்கணும்னு. வந்து சேர்றதுக்குள்ள பாண்டிய இங்கிலீஷ்காரன் புடிச்சுட்டான். கப்பல்லயே மாட்டிக்கிட்டு, ஆடுற தளத்துல இருந்து பாத்து ஒரு அளவும் எடுக்க முடியல. அடுத்தது 1769ல தான், சரி காத்திருப்போம்னு இந்தப் பக்கமே சுத்திக்கிட்டு இருந்துட்டு பாண்டிக்கு வந்து அப்சர்வேட்டரி எல்லாம் கட்டி ரெடியா உக்காந்தா, சரியா அந்தக் காலைல மேகம் மூடிடுச்சு. ஊருக்குத் திரும்பிப் போனா செத்துட்டாருன்னு முடிவு கட்டி பாரிஸ் அறிவியல் அகாடமி சீட்ட வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. "எட்டு வருஷம் வெயிட் பண்ணி டேட்டாவே இல்லாம போன முதல் ஸ்காலர்"ன்னான் ஜூனியர். கேரளா பொண்ணுக்கு சிரிப்பு வரல, அவளுக்கு பிஎச்டில ஆறாவது வருஷம் ஓடுது.

ஆனா அவரு சும்மா போகல. இங்க இருந்த தமிழ் பஞ்சாங்கக்காரங்க கிரகணக் கணக்கு போடுற வித்தைய உக்காந்து கத்துக்கிட்டாரு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சுதுங்கறதுல நம்ம ஆளுங்க கணக்கு 41 செகண்ட் கம்மி, ஐரோப்பால அப்ப பேரு போன டோபியாஸ் மேயர் அட்டவணை 68 செகண்ட் அதிகம்.

இதுக்கப்புறம் வர்றது தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஜான் வாரன்னு ஒருத்தர், மெட்ராஸ் அப்சர்வேட்டரில வேலை பாத்தவரு, நம்ம ஊரு காலண்டர் கணக்க பத்தி 1825ல காலசங்கலிதம்னு ஒரு பெரிய புத்தகம் போட்டாரு. அதுல ஒரு பஞ்சாங்கக்காரர் வர்றாரு, இதே பாண்டில குடியிருந்தவரு. தரைல சோழி அடுக்கி அடுக்கியே சந்திர கிரகணத்த கணக்கு போட்டு காட்டுனாராம். காகிதம் கிடையாது, புத்தகம் கிடையாது, அட்டவணை மொத்தமும் மனப்பாடம். வான சாஸ்திரத் தத்துவம் ஒரு வார்த்தை கூட அவருக்குத் தெரியாதுன்னும் வாரன் எழுதி வெச்சிருக்காரு. 1952ல நியூகிபாயர்னு கணித வரலாற்று அறிஞர் இத எடுத்து அலசி தமிழ் வானியல் பத்தி தனிக் கட்டுரையே எழுதுனாரு.

சார் அங்கயே ஒரு வீட்டுத் திண்ணைல உக்காந்து மஞ்சப்பைல இருந்து சோழிய எடுத்துட்டாரு, நெஜமாவே கொண்டு வந்திருக்காரு! தரைல அடுக்குனாரு. வாக்கிய முறைல சந்திரனுக்கு 248 வாக்கியம். சந்திரன் பூமிக்குக் கிட்ட வர்ற சுத்து ஒன்பது முடிய கிட்டத்தட்ட சரியா 248 நாள் ஆகும், அதனால ஒரு நாளுக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், வாக்கியத்த சொன்னா அன்னைக்கு சந்திரன் எங்க இருக்குன்னு எண் வந்துடும். ட்ரிக்னாமெட்ரி சைன் போடுற வேலையே கிடையாது. நாள வகு, மீதிய எடு, அந்த வாக்கியத்த சொல்லு, கூட்டு. சோழி நகர்றது கூட்டல் கழித்தலுக்கு மட்டும் தான்.

"இது லுக்கப் டேபிள் சார், முன்னாடியே போட்டு வெச்ச விடைய எடுத்துப் பாக்கறது, இந்தக் காலத்துல இது ஸ்லோ"ன்னு ஜூனியர் புடிச்சுக்கிட்டான். அவன் சொல்றதுல பாயின்ட் இருக்கு. ஒரு காலத்துல கணக்கு போடுறது கஷ்டம், மெமரில இருந்து எடுக்கறது சுலபம், அதனால எல்லாத்தையும் டேபிளா போட்டு வெச்சாங்க. இப்ப தலைகீழ், டேபிள் பெருசா டிராம்ல கிடந்தா அத எடுக்கற நேரத்துல சைன பல தடவை புதுசாவே போட்டுடலாம். "டேபிள் எவ்வளவு பெருசுன்னு கேளு முதல்ல"ன்னாரு சார். 248 எண், எண்ணுக்கு எட்டு பைட்டு வெச்சா 1984 பைட், ரெண்டு கேபி கூட இல்ல. சாதாரண ப்ராசஸர்ல எல்1 கேஷ் 32 கேபி இருக்கும். கோர் பக்கத்துலயே உக்காந்துக்கும், வெளிய போற வேலையே இல்ல. அந்தப் பாண்டிக்காரருக்கு அது அதவிடக் கிட்ட இருந்துச்சு, மண்டைக்குள்ளயே. பயலுக்கு பேச்சு வரல, சோழிய எடுத்து கையில உருட்டிக்கிட்டே இருந்தான்.

தத்துவம் தெரியாதவர்னு வாரன் சொன்னத குறையா தான் சொல்லியிருப்பாரு. எனக்கு அப்படிப் படல. அந்த 248 போதும்னு பல நூறு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் தத்துவம் தெரிஞ்சு முடிவு பண்ணியிருக்காங்க, எவ்வளவு மனசுல நிக்கும், எவ்வளவு பிழை பரவாயில்லன்னு ரெண்டையும் எடை போட்டு. அந்த ஆளு தான் ஆர்க்கிடெக்ட், சோழி வெச்சவரு மெஷின்.

ஞாயிறு – கடலூர்

பாண்டில இருந்து கடலூருக்கு பஸ் அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்னு. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில், அப்புறம் தென்பெண்ணை பாலம். வண்டில பண்ருட்டி பலாப்பழ வாசனை, யாரோ முழுப் பழத்தையே கோணில கட்டி சீட்டுக்கு அடியில தள்ளி விட்டிருந்தாங்க. ஜூனியர் வீட்டுல வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, "ஏம்மா இப்படி எலும்பும் தோலுமா இருக்க, கம்ப்யூட்டர்ல அப்படி என்ன தான் பண்றீங்க ரெண்டு பேரும்"னு அவங்க அம்மா. பதில் சொல்ல எங்களால முடியல.

சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் போனோம். தடைக்காலம் முடிஞ்ச புதுசு, விசைப்படகு எல்லாம் ஐஸ் ஏத்திக்கிட்டு இருந்துச்சு. ஜூனியரோட சித்தப்பா ஃபைபர் போட் வெச்சிருக்காரு. பாருங்க, இவங்க அவ்வளவு டீசல் ஊத்தி ஒரு மீனுக்காக போயிட்டு வரமாட்டாங்க, போனா பெட்டி நிறைய தான் வருவாங்க, அது தான் கேஷ் லைன்னு நான் சொன்னேன், ஜூனியர் தலைல அடிச்சுக்கிட்டான்.

சித்தப்பா எங்க வேலைய பத்தி கேட்டாரு, வானிலைக் கணக்கு போடுற பெரிய மெஷின் பத்தின ஆராய்ச்சின்னு ஜூனியர் சுருக்கமா சொல்லி வெச்சான், பாதி உண்மை தான். உடனே அவரு ஃபெஞ்சல் புயல் பேச்ச எடுத்துட்டாரு. 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிகிட்ட கரையேறி, நகரவே மாட்டேன்னு மணிக்கணக்கா அங்கயே உக்காந்துக்கிச்சு, பாண்டில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அது போதாதுன்னு சாத்தனூர் அணைல திறந்த தண்ணி தென்பெண்ணை வழியா வந்து இந்தப் பக்கத்து ஊரெல்லாம் முங்கிச்சு. "தானே புயல்ல மரம் போச்சு, இதுல வீட்டுக்குள்ள தண்ணி. கூண்டு ஏத்துறீங்க சரி, புயல் வருதுன்னு எங்களுக்கும் தெரியுது. எங்க ஊருக்கு எத்தன மணிக்கு, எவ்வளவு நேரம் நிக்கும், அத சொல்லுங்கம்மா."

நியாயமான கேள்வி. ஜூனியர் வலைக் குவியல் மேல உக்காந்து மண்ணுல கட்டம் போட்டுக் காட்டுனான். வானத்த கட்டம் கட்டமா பிரிச்சு தான் மெஷின் கணக்கு போடும். கட்டம் 12 கிலோமீட்டர்னா பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல மொத்தம் ரெண்டு கட்டம் தான் விழும். 2025ல புனே ஐஐடிஎம்ல இருந்து (மெட்ராஸ் ஐஐடி இல்ல, வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம்) வந்த பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் 6 கிலோமீட்டர், அதுக்கு ஓடுற அர்கா மெஷின் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ். "இன்னும் சின்னதா போட வேண்டியது தானடா"ன்னாரு சித்தப்பா. கட்டத்த நீளத்துல பாதி, அகலத்துல பாதி ஆக்குனா நாலு மடங்கு கட்டம், கட்டம் சின்னதானா ஒவ்வொரு தடவையும் முன்னாடி தாண்டுற நேரத்தையும் பாதியாக்கணும், இல்லன்னா கணக்கு வெடிச்சிரும், ஆக எட்டு மடங்கு வேலை. 6ல இருந்து 3க்கு எட்டு, ஒன்றரைக்கு அறுபத்து நாலு.

சரி அறுபத்து நாலு மெஷின் வாங்கிப் போடுன்னாரு. அங்க தான் நான் குறுக்க புகுந்தேன், மெஷின் வாங்குனாலும் வானிலை ப்ரோக்ராம் அந்த மெஷினோட முழு வேகத்துல ஒரு சின்ன பங்கு தான் எடுக்கும், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்த கேட்டுக் கேட்டு வாங்கணும், பெருக்கல் கம்மி, தூக்கிட்டு வர்றது ஜாஸ்தி. "அப்ப உங்க மெஷினும் பாதி நேரம் கரையில தான் நிக்குதுன்னு சொல்லு"ன்னாரு. மூணு நாள் கிளாஸ்ல கேட்டத ஒரே வரில முடிச்சுட்டாரு.

கிளம்பும்போது மேற்கால இருந்து கச்சான் காத்து, காலைல நாலு மணிக்கு போட் எடுக்கறதாம். ஜூனியர் மட்டும் இன்னும் அந்தக் கட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தான், பக்கத்துக் கட்டத்து எண்ண ஒவ்வொரு தடவையும் கேக்காம ரெண்டு மூணு வரிசை சேர்த்து முன்னாடியே வாங்கி வெச்சுக்கிட்டு, நடுவுல வேண்டியத தானே மறுபடி கணக்கு போட்டுக்கிட்டா என்னக்கான்னு கேட்டான். பண்ணலாம், ஏற்கனவே பண்ணியிருக்காங்க, ஆனா எத்தனை வரிசை வாங்குனா லாபம்ங்கறது மெஷினுக்கு மெஷின் மாறும், அத சிப்பே முடிவு பண்ற மாதிரி யோசிச்சு பாருடான்னேன். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மொட்டை மாடில அது தான் பேச்சு. டிசம்பர்ல நடக்குற எச்ஐபிசி மாநாட்டுக்கு பேப்பரா அனுப்பலாமாங்கறான், முதல்ல சிமுலேட்டர்ல ஓட்டி காட்டுன்னு சொல்லியிருக்கேன்.